நாமும் நாங்களும் ‘உரி’யும்

கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகள் சென்ற ஆண்டு கொரிய மொழி படிக்கத் தொடங்கினாள். வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாள்: “மாமா, கொரியாக்காரங்க கூடப்பிறந்தவங்க யாருமே இல்லாட்டியும் ‘என் அம்மா’ன்னு சொல்ல மாட்டாங்களாம். பன்மையிலதான் சொல்வாங்களாம். விசித்திரமா இல்ல? எங்க அம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்கும் ஆச்சரியம்.”

அவள் ஒரே பிள்ளை. ஆனாலும் அவள் வாயில் வந்தது “எங்க அம்மா”. கொரியரிடம் விசித்திரமாகப் பட்டதை அவளே அதே மூச்சில் தமிழில் செய்துவிட்டாள், அது அவள் காதில் விழவில்லை. அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, விளக்கமும் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒற்றைப் பிள்ளை தன் தாயைப் பன்மையில் சொல்வது ஆங்கிலத்துக்கு விசித்திரம். அந்த வியப்பைச் சொல்லோடு சேர்த்து நம் பிள்ளைகளும் வாங்கிக்கொள்கிறார்கள். தமிழும் மலாயும் வாயில் இருக்கும் ஒருவருக்கு இந்தச் சொல்லைக் கற்க ஆங்கிலம்தான் மிகச் சுற்றான வழி. அதைத்தான் இங்கே காட்ட முயல்கிறேன்.

சொல் ‘உரி’. உகரம் குறில், ரகரம் நம் ரகரத்தைப் போலவே நுனிநா ஒருமுறை தட்டி எழும் ஒலி. ‘உரி ஒம்மா’ என்றால் அம்மா. ‘உரி ஜிப்’ வீடு, ‘உரி ஹாக்க்யோ’ பள்ளி, ‘உரி தொங்நே’ குடியிருக்கும் வட்டாரம். ‘நாரா’ என்றால் நாடு. அதோடு உரி சேரும்போது இடைவெளியே இல்லாமல் ‘உரிநாரா’ என்று ஒரே சொல்லாக எழுதுவது கொரிய எழுத்து முறை. கொரிய மொழிக்கும் அப்படியே ‘உரிமால்’ என்று ஒட்டிய பெயர் ஒன்று உண்டு. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைவெளி விடவேண்டும். நாடும் மொழியும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

ஒலியைப் பற்றி இன்னொன்று. கொரியத்தில் சொல்லின் முதலில் வரும் சில வல்லினங்கள் அழுத்தமாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது மென்மையாகவும் ஒலிக்கும். கடலுக்கு ‘பாதா’ என்பார்கள். அதில் பகரம் ‘பாதை’யில் ஒலிப்பது போலவும், தகரம் ‘பாதை’யின் நடுவில் குழைவது போலவும் இருக்கும். ஆங்கில வழியில் படிப்பவர்கள் இதை ஒரு விதியாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறுவது முதல் வகுப்பிலேயே பழகிய சங்கதி.

இனி பொருள். கொரியத் தேசிய மொழி நிறுவனத்தின் பெரிய அகராதி 1999-இல் வெளிவந்தது. அது உரிக்கு மூன்று பொருள் தருகிறது. பேசுபவர் தன்னையும் கேட்பவரையும், தேவைப்பட்டால் வேறு சிலரையும் சேர்த்துச் சொல்வது முதல் பொருள். இது நம் ‘நாம்’. பேசுபவர் தன்னைவிட உயர்ந்தவரல்லாத ஒருவரிடம், தன்னையும் தன்னைச் சார்ந்தவர்களையும் குறிப்பது இரண்டாவது. இது ‘நாங்கள்’. மூன்றாவது பொருளில் எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. இங்கும் உயர்ந்தவரல்லாத ஒருவரிடம் பேசும்போது, சில பெயர்ச்சொற்களுக்கு முன்னால் நின்று, அந்த ஆளோ பொருளோ பேசுபவருக்கு நெருக்கமானது என்று காட்டுவது அதன் வேலை. ‘உரி ஒம்மா’ இந்த மூன்றாவது பொருளில் அடங்கும். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

இந்த மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிறது. அடக்க முடியாத இடத்தில் வியக்கிறது. தமிழ் முதல் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே, நாங்கள் என்றால் அவர் வெளியே. பழந்தமிழில் யாம் என்றும் நாம் என்றும் இருந்த பிரிவு இது. யாம், யாங்கள் பேச்சிலிருந்து போய், அந்த இடத்தில் நாங்கள் வந்து அமர்ந்தது. தொல்காப்பியம் தன்மைப் பன்மை வினைக்குச் சொல்லும் ஈறுகளில் அம், ஆம் என்பவை முன்னிலையாரைச் சேர்த்துக்கொள்ளும் என்றும், எம், ஏம் என்பவை படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளும் என்றும் உரையாசிரியர்கள் பிரித்துக் காட்டினார்கள். உளப்படுத்துதல் என்பது அவர்கள் சொல். ஒருவரை உள்ளத்துக்குள் இழுத்துக்கொள்வது போன்ற ஓசை அந்தக் கலைச்சொல்லில் இருக்கிறது. இலக்கணத்தில் எனக்கு மிகப் பிடித்த சொற்களில் அது ஒன்று. வினையீற்றில் அந்தப் பிரிவு இன்று அழிந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ‘ஓம்’தான். ஆனால் பெயரில் அது உயிரோடு இருக்கிறது. ‘எங்க’வையும் ‘நம்ம’வையும் மாற்றிப் பேசும் மூன்று வயதுத் தமிழ்க் குழந்தையைப் பார்ப்பது அரிது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பிரிவுக்குத் தமிழ் மட்டும் காவல் இல்லை. மலாயில் கேட்பவரைச் சேர்த்தால் கீத்தா, சேர்க்காவிட்டால் காமி. (ரப்பரைக் குறிக்கும் நம் தோட்டத்துச் சொல்லான ‘கித்தா’ வேறு, அது கெத்தாவிலிருந்து வந்தது.) ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் மூலத்திலேயே இருந்த பிரிவு அது, தாகாலோகிலும் இருக்கிறது. கிள்ளானில் சீனர்கள் பலரும் பேசும் ஹொக்கியனிலும் கேட்பவரைச் சேர்க்க ‘லான்’, விலக்க ‘குவான்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் வாழும் மலையாளி வீட்டில் நம்மளும் ஞங்ஙளும், தெலுங்கு வீட்டில் மனமும் மேமுவும். தெங்கு கிளானா சாலையில் ஒரு மணி நேரம் நின்றால், ‘நீயும் சேர்ந்தவன்தானா’ என்ற கேள்விக்கு இத்தனை மொழிகள் தனித்தனிச் சொல் வைத்துப் பதில் சொல்வதைக் கேட்கலாம். அந்தத் தெருவில் பதில் சொல்லாத மொழி ஆங்கிலம். கொரியத்தைக் கற்க நாம் தேர்ந்திருப்பதும் அதையேதான்.

தெருப்பேச்சு மலாயில் கீத்தாவோடு ஓராங் சேர்ந்து ‘கீத்தோராங்’ ஆகிவிட்டது. கேட்பவரை விலக்கிப் பேச இளைஞர்கள் காமியைவிட அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். வடிவத்தை மட்டும் பார்த்தால் நம் நாங்களும் இப்படித்தான் தோன்றுகிறது: ஏற்கெனவே பன்மையான ஒன்றின் மேல் இன்னொரு பன்மை. கொரியரும் உரியோடு பன்மை விகுதி சேர்த்து ‘உரிதுல்’ என்பதுண்டு. ஆனால் அவர்களிடம் அந்த விகுதி யாரையும் வெளியே தள்ளுவதில்லை. கூட்டத்தைச் சற்று அழுத்திச் சொல்வதோடு சரி.

கொரியம் இங்கே கேட்கத் தொடங்கியது அண்மையில் அல்ல. மலாயாவும் தென் கொரியாவும் 1960-இல் தூதரக உறவு கொண்டன. 1982-இல் மகாதீர் அறிவித்த கிழக்கு நோக்கும் கொள்கை ஜப்பானோடு கொரியாவையும் முன்மாதிரியாக வைத்தது. மாணவர்களும் பயிற்சியாளர்களும் அங்கே போனார்கள். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களில் இரண்டாவதைக் கட்டிய கூட்டணியில் சாம்சங் நிறுவனமும் குக்டோங் நிறுவனமும் இருந்தன. அம்பாங்கிலும் மோன் கியாராவிலும் கொரியக் குடும்பங்கள் குடியேறி, கடைப் பலகைகளில் அவர்கள் எழுத்து ஏறியது. அந்தத் தலைமுறை கொரியம் படித்தது வேலைக்காகவும் உதவித்தொகைக்காகவும். இன்றைய பிள்ளைகள் பாட்டுக்காகவும் தொடர்களுக்காகவும் படிக்கிறார்கள், பிறகு தேர்வும் எழுதுகிறார்கள். அன்றும் இன்றும் நடுவில் நிற்கும் மொழி மட்டும் மாறவில்லை.

உரி எங்கே வரும், எங்கே வராது என்பதைத் தமிழை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கொரியர் தன் பையை ‘நே காபாங்’ என்பார். நே என்றால் ‘என்’. புத்தகம், பேனா, கைப்பேசி எல்லாவற்றுக்கும் நேதான். அங்கே உரி போட்டால் பலருக்குப் பொதுவான பொருள் என்று ஆகிவிடும். தோழியைச் சொல்லும்போதும் நே இயல்பாக வரும். வீடு, அம்மா, அப்பா, அண்ணன், பள்ளி, கம்பெனி, வட்டாரம், நாடு என்றால் உரி. இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள்: என் பேனா, என் பை, என் பிரெண்டு. எங்க வீடு, எங்க அம்மா, எங்க அண்ணன், எங்க ஸ்கூல், எங்க ஊர். கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுகிறது. ஒருவர் கையில் எடுத்துப் போகக்கூடியது ஒருமை. ஒருவர் பிறந்து நுழைந்தது, தனக்கு முன்னும் இருந்தது, தான் போன பிறகும் இருக்கப்போவது பன்மை. ‘என் அம்மா’ என்று தமிழில் சொல்லக் கூடாது என்பதில்லை. மேடையில் சொல்வோம், கடிதத்தில் எழுதுவோம், அழும்போது சொல்வோம். அன்றாடப் பேச்சில் அது எங்க அம்மாதான்.

இந்தப் பழக்கத்துக்குக் கொரியரின் கூட்டு மனப்பான்மைதான் காரணம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நெல் விளைவித்த சமுதாயம், கன்பூசியம், குடும்பமே முதன்மை என்று அடுக்குவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. தமிழருக்கும் அதே பழக்கம் உண்டென்றால், கன்பூசியத்தை அழைக்காமலே அதை விளக்கும் வழி வேண்டும். மலாயையும் பாருங்கள். கூடி வாழ்வதைப் போற்றும் சமூகம்தான் அது. ஆனால் மலாய்ப் பிள்ளை தன் தாயை ‘மாக் சாயா’ என்று ஒருமையில் சொல்வது சாதாரணம். 1957 முதல் நாட்டுப்பண்ணாக இருக்கும் நெகாராக்குவின் பெயரிலேயே ‘கு’ என்ற ஒருமை ஒட்டியிருக்கிறது: என் நாடு. கொரியர் தம் நாட்டை அன்றாடப் பேச்சில் ஒருமையில் சொல்வதே அரிது. ஒரு மொழியின் பிரதிப்பெயரை வைத்து ஒரு மக்களின் உள்ளத்தை அளப்பது அளவுகோலை நம்பி ஆளை மறப்பது.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. அங்கேதான் உண்மையில் கற்க வேண்டியிருக்கிறது. கொரியப் பெண் தன் கணவரை ‘உரி நாம்ப்யொன்’ என்பாள். ஆண் தன் மனைவியைப் பேச்சுவழக்கில் ‘உரி மானுரா’ என்பான். சொல்லுக்குச் சொல் மாற்றினால் எங்கள் கணவர், எங்கள் மனைவி. தமிழ்க் காது திடுக்கிடும். ஆனால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? “எங்க வீட்டுக்காரர்.” “எங்க வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்.” இங்கே ‘எங்க’ கணவரைத் தொடவில்லை, வீட்டைத் தொடுகிறது, அந்த வீட்டின் வழியாக ஆளைச் சுட்டுகிறது. நாம் வீட்டை நடுவில் நிறுத்திக் கடக்கும் இடத்தை, கொரியர் மூன்றாவது பொருளைக்கொண்டு நேரே கடந்துவிடுகிறார்கள். ‘உரி நாம்ப்யொன்’ என்பதற்குச் சரியான தமிழ் ‘எங்க வீட்டுக்காரர்’தான். நான் பார்த்த அளவில், இந்த ஒரு ஈட்டைச் சொன்னாலே கற்பவர் முகம் தெளிந்துவிடுகிறது.

‘நம்ம’வுக்கும் இங்கே வேலை இருக்கிறது. கொரியத் தாய் குழந்தையின் பெயருக்கு முன்னால் உரி சேர்த்துக் கூப்பிடுவாள். ஆசிரியர் மாணவரைச் செல்லமாகச் சொல்லும்போதும், ரசிகர்கள் பாடகரைச் சொல்லும்போதும் பெயருக்கு முன் உரி வரும். தமிழில் அது “நம்ம பையன்”, “நம்ம ஆளு”. தாய் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது, குடிக்கப்போவது பிள்ளை மட்டும்தான் என்றாலும் உரி என்றே தொடங்குவாள். “நாம மருந்து குடிச்சிடலாமா கண்ணு” என்ற நம் பேச்சின் அச்சு அது. ஆக உரி ஒரு சமயம் எங்க, ஒரு சமயம் நம்ம. எது என்று சொல்லைப் பார்த்துத் தெரியாது. இடத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

தொடர் பார்ப்பவர்களுக்கு இரண்டு வாக்கியங்கள் நன்றாகத் தெரிந்திருக்கும். காதலைத் தொடங்குபவர் ‘உரி சாக்விஜா’ என்பார். முடிப்பவர் ‘உரி ஹெயொஜிஜா’ என்பார். பழகலாம் என்பது ஒன்று, பிரிந்துவிடலாம் என்பது மற்றது. இரண்டிலும் முதல் சொல் உரி, இரண்டிலும் அது ‘நாம்’. ஆங்கில வசனவரியில் அந்தச் சொல் கரைந்துவிடும். மலாயில் எழுதுபவர் கீத்தா என்று போட்டாக வேண்டும். காமி போட்டால் பிரிவது வேறு யாரோ ஆகிவிடும். தமிழிலும் “நாம பிரிஞ்சிடலாம்” என்றுதான் சொல்ல முடியும். பிரியும் வாக்கியத்தில் கடைசியாக ஒருமுறை அந்த இருவரும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள். அது கேட்கும் காது தமிழருக்கு இருக்கிறது. அதை விட்டு ஆங்கில வசனவரியில் வெறும் பொருளை மட்டும் வாசித்துவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அகராதியின் இரண்டாம், மூன்றாம் பொருள்களில் ஒரு நிபந்தனை இருந்தது: கேட்பவர் உயர்ந்தவராக இருக்கக் கூடாது. உயர்ந்தவராக இருந்தால் வேறு சொல் வேண்டும். அது ‘ஜொஹி’, உரியின் பணிவு வடிவம். நண்பனிடம் உரி ஒம்மா என்பவர், அலுவலக மேலாளரிடம் ஜொஹி சேர்த்து, அம்மாவுக்கான மரியாதைச் சொல்லோடு சொல்வார். ஒருமையிலும் இதே பிரிவு உண்டு: நா என்றால் நான், ஜொ என்றால் பணிவான நான். ஆங்கில வழியில் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும். கிள்ளான் பிள்ளைகளுக்கு மலாயின் ஆகு, சாயா என்ற இரண்டு சொற்கள் போதும். நண்பனிடம் ஆகு, ஆசிரியரிடம் சாயா; இதைப் பள்ளித் திடலிலேயே கற்றுவிட்டார்கள். சாயா என்பதே உடன் நிற்பவர், பணியாள் என்ற பொருளில் சமஸ்கிருத ‘சஹாய’விலிருந்து வந்த சொல். கிள்ளானில் சிலாங்கூர் சுல்தானின் ஆலம் ஷா அரண்மனை இருக்கிறது. சுல்தானிடம் பேசுபவர் சாயாவையும் விட்டுவிட்டுப் ‘பாத்தேக்’ என்று இன்னும் கீழே இறங்க வேண்டும். தமிழில் இன்று தன்மைப் பிரதிப்பெயரில் பணிவு இல்லை. வைணவர்களின் அடியேன், அடியோம் போன்றவை கோயில் வாசலோடு நின்றுவிட்டன.

ஜொஹியின் உள்ளே நுட்பமான ஒரு பூட்டு இருக்கிறது. அது பேசுபவரின் கூட்டத்தைத் தாழ்த்துகிறது. கேட்பவர் உயர்ந்தவர். அவரை அந்தக் கூட்டத்துக்குள் சேர்த்தால் அவரும் தாழ்ந்துவிடுவார். எனவே ஜொஹிக்குள் கேட்பவர் ஒருபோதும் வர முடியாது. அது எப்போதும் ‘நாங்கள்’தான். முன்னிலையாரைச் சேர்ப்பதா விலக்குவதா என்று இலக்கணத்தில் பிரிக்காத மொழி, பணிவின் வழியாக அதே பிரிவை வந்தடைகிறது. இதைப் புரிந்துகொண்டால், கொரியரே அடிக்கடி செய்து அடிக்கடி திருத்தப்படும் ஒரு பிழை விளங்கும். மேடையிலோ நேர்காணலிலோ பணிவு மிகுந்து சிலர் ‘ஜொஹி நாரா’ என்றுவிடுவார்கள். உரிநாரா என்பதே சரி என்று மொழி நிறுவனம் விளக்குகிறது. கேட்பவரும் கொரியர்தானே, அவரை நாட்டுக்கு வெளியே நிறுத்தலாமா? கேட்பவர் வெளிநாட்டவர் என்றாலும் நாட்டைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியதில்லை. தமிழர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து “எங்கள் மொழி தமிழ்” என்று தொடங்கினால் அவையில் ஓடும் சின்ன நெளிவை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மொழி என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

உரி என்ற சொல் நீதிமன்றம் வரை போனது. சியோலில் இருந்த ஹான்விட் வங்கி 2002-இல் தன் பெயரை உரி வங்கி என்று மாற்றிக்கொண்டது. வேறொரு வங்கியின் ஊழியர் வாடிக்கையாளரிடம் ‘எங்கள் வங்கி’ என்று சொல்ல வாயெடுத்தால் அது போட்டியாளரின் பெயராகிவிட்டது. எழுத்திலும் குழப்பம். பிற வங்கிகள் அந்த வணிகக் குறியின் பதிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2009 மே மாதம் கொரிய உச்ச நீதிமன்றம் பதிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. உரி என்பது யாவரும் அன்றாடம் புழங்கும் சொல். அதை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்குவது மற்றவர்களின் பேச்சையே இடைஞ்சல்படுத்தும், பொது ஒழுங்குக்கு மாறானது என்பது அதன் சாரம். வங்கி அந்தப் பெயரில்தான் இன்றும் நடக்கிறது, தனியுரிமைதான் போயிற்று. ஒரு பிரதிப்பெயர் யாருடைய சொத்தும் அல்ல என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது, அந்தச் சொல் அங்கே எவ்வளவு பேச்சைச் சுமக்கிறது என்பதற்குச் சான்று.

அரசியலிலும் இது நடந்தது. 2003-இல் தொடங்கிய ஒரு கட்சி தன் பெயரிலேயே உரியை வைத்துக்கொண்டது. சுருக்கமாக உரி கட்சி என்றே அழைக்க வேண்டும் என்று அது விரும்பியது. எதிர்க்கட்சிக்காரர்கள் எதிரியை ‘நம் கட்சி’ என்று எப்படிச் சொல்வார்கள்? வேறு எழுத்துகளைக் கோத்து இன்னொரு சுருக்கம் செய்துகொண்டார்கள். மலேசியாவிலும் 2010-களின் தொடக்கத்தில் சாயிட் இப்ராகிம் தலைமையில் கீத்தா என்று சுருக்கப்பெயர் கொண்ட ஒரு கட்சி இருந்தது. பெயர் வைப்பவர்கள் எங்கும் கேட்பவரை உள்ளே இழுக்கும் சொல்லையே நாடுகிறார்கள். பெங்களூர் மெட்ரோவுக்கு ‘நம்ம’ என்று பெயர் வைத்தபோது, தன்மைப் பன்மையில் இந்தப் பிரிவை இழந்துவிட்ட கன்னடத்துக்கு அது ஒரே வழி. தமிழில் அப்படி ஒரு பெயர் வைக்க வேண்டுமானால் எங்க, நம்ம இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும். எங்க மெட்ரோ என்று வைத்தால் ஏறுவதற்கே தயக்கமாக இருக்கும்.

இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்ததும் அடுத்து வரும் பேச்சு எனக்குத் தெரியும்: கொரியமும் தமிழும் ஒரே குடும்பம். கிள்ளான் பள்ளத்தாக்கில் கொரியம் படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒவ்வொருவரும் இதைக் கேட்டிருப்பார்கள். கருத்து பழையது. 1886-இல் கொரியா சென்று அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 1905-இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். கால்டுவெல்லின் 1856 ஒப்பிலக்கணம் அதற்குள் உலகறிந்த நூலாகிவிட்டிருந்தது. 1984-இல் மார்கன் கிளிப்பிங்கர் சொல் ஒப்பீட்டோடு அந்தக் கருத்தை மீண்டும் எழுப்பினார். தமிழை ஜப்பானியத்தோடு இணைத்த சுசுமு ஓனோவின் பெயரும் இதில் சேர்ந்துகொள்ளும். மொழியியலாளர்கள் பெரும்பாலும் இந்த உறவை ஏற்கவில்லை.

அப்பா, அம்மா ஒற்றுமையை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். உதடு மட்டும் ஒத்துழைக்கும் வயதில் குழந்தை எழுப்பும் ஒலிகளைப் பெற்றோர் தம் பெயராக எடுத்துக்கொள்வதால் உலகெங்கும் இவை ஒத்திருக்கின்றன என்று ரோமன் யாகப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். மலாயின் எமாக்கும் பாப்பாவும் நம் வாசலிலேயே இருக்கின்றன. பிறகு நான்–நா, நீ–நொ என்ற இணை வரும். இது கவர்ச்சியான இணைதான். ஆனால் பட்டியல் போடுபவர்கள் அடுத்த சொல்லுக்கு வருவதே இல்லை. நான், நீ அளவுக்கு அடிப்படையான சொல் நாம். அதற்குக் கொரியத்தில் உரி. யாம், நாம், எம், நம் எதனோடும் அது ஒட்டவில்லை. கொரிய எழுத்து பிறந்த 15-ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே அது உரிதான். ஒத்த இரண்டைக் காட்டி, ஒவ்வாத மூன்றாவதை மறைத்தால் அது ஆய்வாகாது. ஒலி மயக்கத்தால் உரியை ‘ஊர்’ என்றும் ‘உரிமை’ என்றும் இழுப்பவர்களும் உண்டு. அப்படியானால் தோல் உரிப்பதையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

உறவு இல்லாத இரண்டு மொழிகள் அம்மாவையும் வீட்டையும் ஊரையும் ஒரே விதமாகப் பன்மையில் வைத்திருப்பது, உறவு இருந்து வைத்திருப்பதைவிட எனக்கு வியப்பாக இருக்கிறது. மரபு கொடுத்ததென்றால் அதில் பெரிதாகக் கேட்க ஒன்றுமில்லை. தனித்தனியே இரண்டு மக்கள், யாரும் யாரிடமும் கேட்காமல், தாய் ஒருவருக்கு மட்டும் உரியவள் அல்ல என்ற பேச்சுமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதைக் கவனிக்கக் குருதி உறவு தேவையில்லை.

உரிக்குக் கொரியத்தில் ஓர் ஒலியொப்புச் சொல் உண்டு: கால்நடைகளை அடைக்கும் பட்டிக்கும் உரி என்றே பெயர். வேலி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்தே நாம் என்ற உரி பிறந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது உறுதியானதல்ல. ஆனால் வேலியின் நினைவு பொருத்தமில்லாமல் இல்லை. வெளிநாட்டு மணமக்கள் பெருகி, பண்பாட்டுக் கலப்புக் குடும்பங்களுக்கான ஆதரவுச் சட்டம் 2008-இல் வந்த பிறகு, உரிநாராவின் உரிக்குள் யார் யார் என்பது கொரியாவில் வெளிப்படையாகவே பேசப்படும் கேள்வி. நமக்கும் இது புதிதல்ல. கிள்ளானில் புதிதாக ஒருவர் கடை திறந்தால் முதலில் கேட்பது “நம்ம ஆளா?” கேட்கும்போது அன்புதான். அந்த ‘நம்ம’ தமிழரைக் குறிக்கிறதா, இந்தியரைக் குறிக்கிறதா, அதைவிடச் சிறிய ஒன்றையா என்பது கேட்பவர் முகத்தில்தான் தெரியும். அடுத்த மேசையில் தேத்தாரே குடித்துக்கொண்டிருக்கும் மலாய் நண்பரோ சீன நண்பரோ அந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தமிழ் தெரிந்தவராகவும் இருக்கக்கூடும்.

அக்கா மகளுக்கு இப்போது பகுதிநேர வேலை ஒரு கொரியக் குடும்பத்தின் கடையில். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு அவர்களை அழைக்க வேண்டும், எப்படிச் சொல்வது என்று கேட்டாள். தமிழில் எப்படி அழைப்பாய் என்று திருப்பிக் கேட்டேன். “எங்க வீட்டுக்கு வாங்க.” வந்து உட்கார்ந்த பிறகு கூச்சப்பட்டால்? “நம்ம வீடுதான், கூச்சப்படாதீங்க.” வாசலுக்கு வெளியே எங்க, வாசலைத் தாண்டினால் நம்ம. கொரியத்தில் அந்த மாற்றம் சொல்லில் இல்லை. தன் வயதுத் தோழியை அழைத்தாலும், அவள் வந்து அமர்ந்த பிறகும் ‘உரி ஜிப்’தான். கடை முதலாளியம்மா வயதில் மூத்தவர். அவருக்கு உரி ஆகாது. “ஜொஹி ஜிபே ஒசெயோ” என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொண்டாள்: எங்க வீட்டுக்கு வாங்க.